ஷிப்ட் பஸ்ஸுக்குப் பின்னால்

போன வியாழக்கிழமை காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்டெய்னர் லாரி போனது. அதன் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, நம் சைக்கிள் கிளப் சட்டை போட்ட நான்கு பேர் போனீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருந்தவருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அன்று சாயங்காலம் 'ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வேகம்' என்று குழுவில் படம் போட்டீர்கள். நானும் கட்டைவிரலை உயர்த்தினேன். அது லாரி டிரைவருக்குப் போட்டது.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வண்டிக்குப் பின்னால் ஒதுங்குவதைப் பற்றித் திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை. பதினோரு வருடம் பந்தயம் ஓட்டினேன், ரோட்டிலும், சைக்கிளுக்கென்றே கட்டிய வெலோட்ரோம் வட்டத்திலும். இரண்டு முறை காறை எலும்பை உடைத்துக்கொண்டேன். போன வருடம் போதும் என்று நிறுத்தினேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் செயலாளர் இரண்டு மாதமாகக் கேட்கிறார். சீட்டை எந்த உயரத்தில் வைப்பது, பந்தயத்துக்கு முன் என்ன சாப்பிடுவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கிறது, என்னைவிட நன்றாகவும் சொல்கிறார்கள். அதில் கிடைக்காத ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன அசிங்கம். நான் முதன்முதலாக வெலோட்ரோமில் இறங்கிய நாள். டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, பெடலைச் சும்மா நிறுத்தவும் முடியாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இதை எனக்கு மூன்று பேர் மூன்று முறை சொன்னார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன். முதல் வளைவு வந்ததும், ரோட்டில் வளைவுக்கு வளைவு ஓய்வெடுத்துப் பழகிய கால் தானாக நின்றது. பெடல் நிற்கவில்லை. சைக்கிள் என்னைத் தூக்கி அடித்த இடத்தில் என் முழங்கைத் தோல் கொஞ்சம் இன்னும் இருக்கலாம். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிய ரொம்ப நாளாகும் என்று அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளவில்லை.

நான் சொல்ல வந்த காலை நடந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, வல்லம் வடகாலில் ஒரு விடுதியில், ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். வேலை, போன் தயாரிக்கும் கம்பெனியில். நாளெல்லாம் போன் செய்வோம். சொந்தப் போனை மட்டும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால், ஷிப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தது. நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முடிந்தால் ஊருக்குப் போய் விசைத்தறிக்கு நூல் சுற்ற வேண்டும். அதிலிருந்து தப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஓட்டுவது. அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். அந்த வருடம் பெண்கள் தனிநபர் நேரப் போட்டிக்கு மாநில அணியில் ஒரே ஓர் இடம்தான். தேர்வு நடக்கப் போவது நம் ஒரகடம் ரோட்டில்.

அந்த இடத்தை விரும்பிய இன்னொருத்தி கலை. மணிமங்கலத்துக்காரி. படப்பையில் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும், காரணமும் கிட்டத்தட்ட என்னுடையதேதான். வேடிக்கை என்னவென்றால், தினமும் விடிகாலையில் என்னோடு பயிற்சி செய்தவளும் அவள்தான். அவளைவிட எனக்கு நெருங்கிய தோழி இந்தப் பக்கத்தில் இல்லை, அவளைவிட நான் பயந்த ஆளும் இல்லை.

எங்கள் பயிற்சியில் ஒரு ரகசியம் உண்டு. எங்கள் கம்பெனியின் காலை ஷிப்ட் பஸ். அதன் டிரைவர் வாலாஜாபாத்துக்காரர், எங்கள் இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும். எங்களைக் கண்டால் முந்திப் போய் இடப்பக்கம் ஒதுங்கி, நாற்பத்தைந்தில் ஒரே சீராக ஓட்டுவார். நாங்கள் அதன் நிழலில் நுழைந்துகொள்வோம். காற்றே இருக்காது. பிரேக் பிடிப்பதற்கு முன்னால் எங்களுக்காக பிரேக் விளக்கை இரண்டு முறை சிமிட்டுவார். உடனே நாங்கள் விலகிவிடுவோம். இப்படி ஏறக்குறைய ஒன்றரை வருடம். பஸ் சத்தம் பின்னால் கேட்டாலே எங்கள் கை தானாகத் தயாராகிவிடும்.

நேரப் போட்டியில் இதற்கு இடமில்லை என்பது உங்களில் புதியவர்களுக்கும் தெரியும். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். காற்றைத் தனியாகத்தான் பிளக்க வேண்டும். இன்னொரு ஓட்டக்காரிக்குப் பின்னாலோ வண்டிக்குப் பின்னாலோ ஒதுங்கினால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

போட்டியன்று ஷிப்ட் பஸ்கள் வருவதற்குள் முடித்துவிடுவதாகத்தான் திட்டம். ஆம்புலன்ஸ் வரவில்லை. ஆம்புலன்ஸ் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. தலைமை நடுவர் போனில் கத்திக்கொண்டே இருந்தார். அவர் பெரம்பூர்க்காரர், தன் காலத்தில் டிராக்கில் பெயர் வாங்கியவர். எலக்ட்ரானிக் கடிகாரத்தை நம்பாமல் கழுத்தில் இரண்டு ஸ்டாப் வாட்ச் தொங்கவிட்டிருப்பார். ஒன்று ஓடும், இன்னொன்று முதலாவதைச் சந்தேகப்படும். கடைசியில் முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. சீட்டுக் குலுக்கியதில் கலை இரண்டாவது, நான் இருபத்திரண்டாவது, அதாவது கடைசி.

பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஐந்தாவது கிலோமீட்டர்வரை நன்றாகத்தான் ஓட்டினேன். எதிர்க்காற்று மூச்சை வாங்கியது. தலையைக் கவிழ்த்து, முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தார் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தேன். பின்னால் ஒரு சத்தம் வந்தது, கடந்தது, காற்று நின்றது. கால் லேசானது. இன்றைக்கு உடம்பு என்னமாக ஒத்துழைக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் என் கண்ணுக்கு முன்னால் சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டியது.

தலையைத் தூக்கினேன். எங்கள் கம்பெனி பஸ். பின்கண்ணாடியில் என் அறைத் தோழி முத்துலட்சுமியும் இன்னும் நாலைந்து பேரும் முகத்தை ஒட்டிக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி கையில் போன். பஸ் இடப்பக்கம் திரும்பிக் கம்பெனி ரோட்டுக்குள் போனது. காற்று மறுபடியும் முகத்தில் அறைந்தது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் அதன் பின்னால் வந்திருக்கிறேன்.

நடுவரின் மோட்டார் சைக்கிள் எனக்கு முன்னால் போனவளோடு இருந்தது. யாரும் பார்க்கவில்லை. மீதி தூரம் முழுவதும் மிதித்துக்கொண்டே எனக்காக நானே வாதாடினேன். நான் பஸ்ஸைக் கூப்பிடவில்லை. அது தானாக வந்தது. எனக்குத் தெரியாமல் நடந்தது எப்படித் தப்பாகும்? வக்கீலுக்குப் படித்திருந்தால் நன்றாக வந்திருப்பேன் போல.

ஏழு மணிக்கு முடிவுத் தாளை நடுவர்கள் வந்த வேனின் பக்கவாட்டில் ஒட்டினார்கள். நான் முதல் இடம். நான்கு விநாடி வித்தியாசத்தில் கலை இரண்டாவது. ஆட்சேபம் இருந்தால் ஏழரைக்குள் எழுதிக் கொடுக்கலாம், அதன் பிறகு முடிவு இறுதி. கலை வந்து என் தோளைத் தட்டி, "கலக்கிட்டடி" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அந்த பஸ் எனக்குக் கொடுத்தது குறைந்தது இருபது விநாடி. நான்கு எங்கே, இருபது எங்கே?

பையிலிருந்து போனை எடுத்தேன். முத்துலட்சுமி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். பின்கண்ணாடி வழியாக எடுத்த வீடியோ. பஸ்ஸை ஒட்டி நான், குனிந்த தலை, ஒரே சீரான கால். நடுவில் முத்துலட்சுமியின் குரல்: "அண்ணே, இன்னும் கொஞ்ச தூரம் இப்பிடியே போங்கண்ணே, எங்க அக்கா செயிக்கணும்லா." கீழே 'எங்க அக்காவுக்கு நாங்க இருக்கோம்' என்று எழுதி, இதயப் படம் ஆறோ ஏழோ போட்டிருந்தாள்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எனக்காக அந்தப் பெண்கள் டிரைவரைக் கெஞ்சியிருக்கிறார்கள். உதவி செய்வதாக நினைத்து என் கழுத்தில் கயிறு போட்டுவிட்டார்கள். வீடியோவை நீக்கச் சொல்லலாம் என்று போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போன் லாக்கரில், அவள் கம்பெனிக்குள் லைன் வேலையில். மதியம் இரண்டரை வரை அந்த வீடியோவை யாராலும் எடுக்க முடியாது. தெரிந்தும் எட்டு முறை போட்டேன்.

வேனின் நிழலில் உட்கார்ந்தேன். நம் ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும்? முத்துலட்சுமியின் எண் இங்கே யாரிடம் இருக்கப் போகிறது? ஏழரை தாண்டிவிட்டால் அப்புறம் யார் பார்த்தால் என்ன? சான்றிதழ், வேலை, ஊர், விசைத்தறிச் சத்தம் எல்லாம் மாறி மாறி வந்தது. இருபது நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்த இருபது நிமிடத்தைப் போல நீளமான பந்தயத்தை நான் அதற்கு முன்னும் ஓட்டவில்லை, பின்னும் ஓட்டவில்லை.

ஏழு இருபதுக்கு எழுந்து நடுவரிடம் போனேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டிவிட்டேன் என்று சொன்னேன். அவர் இரண்டு வாட்ச்சையும் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தினி தூரம்மா?"

"ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும் சார்."

"யார்னா பாத்தாங்களா?"

"நடுவருங்க யாரும் பாக்கல சார்."

"அப்ப இன்னாத்துக்கு வந்து சொல்ற?"

வீடியோ இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் பெயரை அடித்தார், கலையின் பெயரை மேலே எழுதினார். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மெகாபோனை எடுத்துவிட்டார். யாருமே பார்க்காதபோது தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன பெண் என்று என்னைப் பற்றி நாலு நிமிடம் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து கை கொடுத்தார், தாமதமாக வந்ததற்கு அவருக்கு அப்போதுதான் வருத்தம் வந்திருக்க வேண்டும். நான் வாங்கிய பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். அதைக் கேட்டபோது மண்ணுக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வீடியோ இல்லாவிட்டால் நான் எழுந்து போயிருப்பேனா? தெரியாது. பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். போயிருப்பேன் என்று சில நாள் தோன்றும், அது பெரும்பாலும் நன்றாகத் தூங்கி எழுந்த நாளாக இருக்கும்.

அந்த வருடம் கலைதான் தேசியப் போட்டிக்குப் போனாள். எனக்கு ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குப் போகாமல் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடும் வேலையில் சேர்ந்து, ஒரு வருடம் தள்ளினேன். அடுத்த தேர்வில் இடம் கிடைத்தது. அதற்கப்புறம் வேலையும் வந்தது. ஆனால் அந்த ஒரு வருடம் சும்மா போகவில்லை. சப்பாத்திக் கல்லின் முன்னால் நின்றபடி, அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று நான் நினைக்காத நாள் குறைவு. உண்மை பேசினால் மனது லேசாகும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அன்றைக்கு மதியம் இரண்டரைக்கு முத்துலட்சுமி கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அழுத அழுகையில் நான்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. வீடியோவை நீக்கிவிட்டதாகச் சொன்னாள். நீக்குவதற்கு முன் யார் யார் பார்த்தார்கள் என்று பட்டியலைப் பார்த்தாளாம். தயங்கித் தயங்கி, "கலை அக்காவும் பாத்திருக்காக்கா. ஏழு மணி மூணு நிமிசத்துக்கே பாத்திருக்கா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த வருடப் பொங்கலுக்குக் கலை எங்கள் அறைக்கு வந்து சாப்பிட்டபோது எல்லோரும் எண் வாங்கிக்கொண்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஏழு மூன்று. முடிவு ஒட்டி மூன்று நிமிடம். அவள் தண்ணீர் பாட்டிலோடு வேனுக்கு அந்தப் பக்கம் போனாளே, அப்போது. நான் இந்தப் பக்க நிழலில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தன் இடம் பறிபோவதைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் மணிமங்கலத்துக்கு சைக்கிளை மிதித்தேன். அவள் வீட்டுக் கொல்லையில் பந்தயச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்து கொடுத்தாள். ஆட்சேப மனு. வியர்வையில் மை கலங்கியிருந்தது. என் பெயர், என் எண், பஸ்ஸின் நம்பர், எல்லாம் சரியாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். நான் எழுந்து நடுவரிடம் போனபோது அது அவள் முதுகுப் பாக்கெட்டில் இருந்திருக்கிறது.

"ஏன்டி குடுக்கல?" என்று கேட்டேன்.

"ஏழு இருவத்தஞ்சு வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். நீ இருவதுக்கு எய்ந்து போய்ட்ட."

"நான் போகலன்னா?"

"குடுத்திருப்பேன். இன்னா, சும்மா வுட்ருவேன்னு நெனச்சியா?" சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அப்பறம் உன்னோட வண்டி ஓட்டியிருக்க மாட்டேன்டி. எனக்கு அதான் பேஜாரா இருந்துச்சு."

சான்றிதழ், வேலை என்று நான் போட்ட எந்தக் கணக்கிலும் இது இல்லை. இழந்திருக்கக் கூடியது இது என்று அந்த இருபது நிமிடத்தில் ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, மெகாபோனில் என்னைப் புகழ்ந்தபோது என் மூஞ்சி போன போக்கைப் பார்த்தாளாம், அதற்காகவே மனுவைக் கொடுக்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்றாள். அந்த முகத்தைச் செய்தும் காட்டினாள். அவள் அம்மாவையும் கூப்பிட்டு இன்னொரு முறை செய்து காட்டினாள்.

உங்களுக்குப் புத்தி சொல்லி முடிக்க வேண்டும் என்று செயலாளர் எதிர்பார்ப்பார். பயிற்சியில் எதற்குப் பின்னால் ஒதுங்கிப் பழகுகிறீர்களோ, பந்தயத்திலும் உடம்பு அதற்குப் பின்னால்தான் போய் நிற்கும், உங்களைக் கேட்காது. தப்பு நடக்கிற ஒன்றரைக் கிலோமீட்டர் உங்கள் கையில் இல்லாமல் போகலாம். அதற்கப்புறம் வேன் நிழலில் உட்காருகிற இருபது நிமிடம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் வேனுக்கு மறுபக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். லாரி விஷயத்தை வியாழக்கிழமை நால்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

தேர்வுக்கு மறுநாள் காலை நாலே முக்காலுக்குக் கலை வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டினால் ஆளுக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்க் காற்றைத் தாங்குவது நம் வழக்கம், உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முன்னால் போனவள் முழங்கையை லேசாக அசைத்தால் பின்னால் இருப்பவள் மாற வேண்டும். அன்று நான் முன்னால் போனேன். இரண்டு நிமிடம் ஆனது, ஐந்து ஆனது, நான் முழங்கையை அசைக்கவில்லை. ஒரகடம் தாண்டி, பத்துக் கிலோமீட்டர் முழுவதும் காற்று என் நெஞ்சில்தான் அடித்தது. அவளும் ஒரு முறைகூட, நான் முன்னால் வரட்டுமா என்று கேட்கவில்லை.